எதிர் மேஜைக்காரரும் ஒரு பழைய படமும்

முப்பத்து மூன்று ஆண்டு அரசாங்க ஆபீஸில் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவன் நான். எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்துகொண்டு, ஒருவர் போட்ட நோட்டில் மற்றவர் குற்றம் கண்டுபிடிப்பதிலேயே வயது போவது எப்படி என்று எனக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ, போன மாதம் பேரன் கணினியில் போட்டுக் காட்டிய ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இரண்டு நாள் மனதை விட்டுப் போகவில்லை.

ஆங்கிலத்தில் அதன் பெயர் 'தி ஷாப் அரவுண்ட் த கார்னர்'. 1940 ஜனவரியில் வெளிவந்தது. பிரெஞ்சில் 'ராந்தேவூ' என்று பெயர் வைத்தார்கள். என்னைப்போல் பிரெவேவுக்குப் படித்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் சந்திப்பது. படத்தின் முடிச்சும் அதுதான்.

கதை புடாபெஸ்ட் நகரத்தில், மட்டுஷெக் என்பவரின் தோல் பொருள் கடையில் நடக்கிறது. அங்கே மூத்த விற்பனையாளர் குராலிக். ஒருநாள் வேலை கேட்டு கிளாரா என்ற பெண் வருகிறாள். இடம் இல்லை என்கிறார்கள். திறந்தால் பாட்டுப் பாடும் சிகரெட் பெட்டிகளை வாங்கலாமா என்று முதலாளி யோசித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. வேண்டாம் என்பது குராலிக்கின் கட்சி. கிளாராவோ அந்தப் பெட்டியை மிட்டாய்ப் பெட்டி என்று சொல்லி, ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் 'அதிகம் தின்னாதே' என்று பாட்டு எச்சரிக்கும் என்று அளந்து, ஒரு பருத்த அம்மாளிடம் விற்றுவிடுகிறாள். வேலை அவளுக்கு, தலைக்குனிவு குராலிக்குக்கு. அன்று பிடித்த சண்டை ஓயவே இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், இருவரும் முகம் தெரியாத ஒருவரோடு தபாலில் நட்புக் கொண்டிருக்கிறார்கள். அந்த முகம் தெரியாத நண்பர், கடையில் தினமும் கடித்துக் குதறும் அதே ஆள்தான்.

மேலோட்டமாகப் பார்த்தால் சிரிப்புப் படம். ஆனால் எடுத்தவர்கள் யாரென்று தெரிந்துகொண்டால் சிரிப்பு கொஞ்சம் அடங்கும்.

டைரக்டர் எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1892இல் பெர்லினில் பிறந்த யூதர். அப்பா தையல் தொழில்காரர். மகன் பகலில் அப்பாவின் கடையில் கணக்கு எழுதிவிட்டு, இரவில் நாடக மேடைக்கு ஓடினார். கடைச் சிப்பந்திகள் முதலாளி வரும் சத்தம் கேட்டதும் எப்படி முகத்தை மாற்றிக்கொள்வார்கள் என்பது அவர் சொந்தமாகக் கண்ட பாடம். 1920களிலேயே அமெரிக்கா போய்விட்டார். 1935இல் நாஜி அரசு அவருடைய ஜெர்மன் குடியுரிமையைப் பறித்தது.

கதைக்கு மூலமான நாடகத்தை எழுதியவர் மிக்லோஷ் லாஸ்லோ, புடாபெஸ்ட்காரர். 1937இல் எழுதிய அந்த நாடகத்தில் கடை, வாசனைத் திரவியக் கடை. மறு ஆண்டே அவரும் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். யூதர்கள் எந்தெந்த உத்தியோகத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்று ஹங்கேரி சட்டம் போட்டு வரம்பு கட்டியதும் அந்த 1938இல்தான்.

பிரோவிட்ச் என்ற சாது குமாஸ்தாவாக வரும் ஃபெலிக்ஸ் பிரெஸ்ஸார்ட், ஹிட்லர் பதவிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். 'உன் உண்மையான அபிப்பிராயம் என்ன?' என்று முதலாளி கேட்டதும் படிக்கட்டில் ஏறி மறைந்துவிடுவார் பிரோவிட்ச். குடும்பஸ்தன், வேலை போனால் கஞ்சி இல்லை. இப்படி ஒருவர் இல்லாத ஆபீஸை நான் பார்த்ததில்லை. வாயில் தேன் வடிய முதுகில் குத்தும் வாடாஷாக நடித்தவர் வியன்னாவில் பிறந்த ஜோசஃப் ஷில்ட்கிராவுட். இதே மனிதர் 1959இல் ஆன் ஃபிராங்க் படத்தில் அந்தச் சிறுமியின் தந்தையாக நடித்தார்.

படத்தின் நடுவே கதை சட்டென்று இருட்டாகிறது. தன் மனைவிக்கும் குராலிக்குக்கும் தொடுப்பு என்று முதலாளி சந்தேகப்பட்டு அவனை வேலையிலிருந்து நீக்குகிறார். கடிதத் தோழியை ஹோட்டலில் சந்திக்க வேண்டிய அதே நாளில்! வேலை இல்லாதவன் எந்த முகத்தோடு போவான்? ஜன்னல் வழியாக பிரோவிட்ச் எட்டிப் பார்த்துச் சொல்கிறார்: உட்கார்ந்திருப்பது கிளாரா. குராலிக் உள்ளே போகிறான், ஆனால் உண்மையைச் சொல்லவில்லை. வெறும் எதிரியாகவே அவளிடம் வசவு வாங்கிக்கொண்டு திரும்புகிறான். உண்மையான குற்றவாளி வாடாஷ் என்று துப்பறிவாளர் மூலம் தெரிந்ததும் முதலாளி தற்கொலைக்கு முயல்கிறார். கடைப் பையன் பெப்பி காப்பாற்றுகிறான். குராலிக் திரும்ப வந்து மேனேஜராகிறான். கிறிஸ்துமஸ் முந்தைய நாள், 1928க்குப் பிறகு இல்லாத விற்பனை என்று முதலாளி பூரிக்கிறார். அந்த ஆண்டை ஏன் சொல்கிறார்? 1929இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. வேலை என்றால் உயிர் என்று ஆகிப்போன காலத்துக் கதை இது. அவர்களுடைய சண்டைக்கு அடியில் இருப்பது அந்தப் பயம்தான்.

படம் வெளிவந்து ஐந்து ஆண்டுக்குள், 1944 கிறிஸ்துமஸ் சமயத்தில் சோவியத் படைகள் புடாபெஸ்ட்டைச் சுற்றி வளைத்தன. 1945 பிப்ரவரி வரை முற்றுகை. பாலங்கள் எல்லாம் தகர்ந்தன. லூபிட்ச் ஸ்டுடியோவில் பஞ்சு போலப் பனி தூவி எடுத்த அந்த மூலைக்கடைத் தெரு, படச்சுருளில் மட்டும்தான் பத்திரமாக இருந்தது. கதை மட்டும் அழியவில்லை: 1949இல் இசைப் படமாக, 1963இல் மேடை நாடகமாக, 1998இல் 'யூ ஹாவ் காட் மெயில்' என்று மின்னஞ்சல் கதையாக மறுபடி மறுபடி வந்தது.

இனி என் எதிர் மேஜைக்காரரைப் பற்றி.

என்னைவிட இரண்டு வயது இளையவர். அவரும் பிரெஞ்சுப் பள்ளிதான். பதினோரு ஆண்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். என் டிராஃப்டில் அவர் கமா திருத்துவார். அவர் கூட்டலை நான் மறுபடி கூட்டிப் பார்ப்பேன். தலைமை எழுத்தர் பதவி அவருக்குப் போனதும் பேச்சே நின்றது. மேலிடத்தில் ஏதோ சொல்லி என்னைக் கவிழ்த்துவிட்டார் என்று வீட்டில் எத்தனை நாள் பொருமியிருப்பேன்!

நான் ஓய்வு பெற்றபோது, ஆரம்பகாலத்துப் பதினான்கு மாதத் தற்காலிகப் பணிக்கு சர்வீஸ் புத்தகத்தில் பதிவு இல்லை என்று ஓய்வூதியக் காகிதம் நின்றுபோனது. ஐந்து மாதம் அலைந்தேன். பிறகு திடீரென்று சரியாகிவிட்டது. எப்படி என்று கேட்டதும், அந்தப் பிரிவிலிருந்த பையன் ஃபைலைத் திருப்பிக் காட்டினான். பழைய சம்பளப் பட்டியல்களைத் தேடி எடுத்து, மாதவாரியாகத் தேதி போட்டு, மூன்று பக்க நோட். 7 என்ற எண்ணின் நடுவே குறுக்குக் கோடு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் போடும் 7. கீழே அவருடைய இனிஷியல்.

நன்றி சொல்லப் போனேனா? இல்லை. ரோஷம். பதினேழு ஆண்டு ஓடிவிட்டது. மாதாமாதம் அந்த ஓய்வூதியத்தில்தான் சாப்பிடுகிறேன்.

படம் பார்த்த மூன்றாம் நாள், விலாசம் விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "என்ன சார், வழி இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்றார். காபி வந்தது. நோட்டைப் பற்றிச் சொன்னேன். "சம்பளப் பட்டியல் இருந்தது, எழுதினேன். அதுல என்ன?" என்று கையை வீசினார். பேச்சை மாற்ற இந்தப் படத்தின் கதையைச் சொன்னேன். முடிவில் கிளாரா, கால் வளைந்திருக்கிறதா பார்க்க வேண்டும் என்று குராலிக்கின் பேண்ட்டைத் தூக்கிக் காட்டச் சொல்வதைச் சொன்னதும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

புறப்படும்போது, 'ராந்தேவூ' என்று எழுதும்போது நடுவே கோடு போட வேண்டும், நீங்கள் அந்தக் காலத்திலேயே போடமாட்டீர்கள் என்றார். நான் போடுவேன் என்றேன். வருகிற வியாழக்கிழமை அகராதியை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.