சத்திரம் முதல் வாடகை அறை வரை

நாம் பணிபுரியும் ஊரின் பெயரிலேயே ஒரு விடுதி அடங்கியிருக்கிறது. முகல்சராய் என்பது அப்பெயர். சராய் என்னும் பாரசீகச் சொல் வழிப்போக்கர் தங்கும் இடத்தைக் குறிப்பதாம். இவ்வூர் ரயில் நிலையத்திற்கு 2018ஆம் ஆண்டில் வேறு பெயர் சூட்டப்பட்டது. எனினும் தெற்கேயிருந்து வரும் நம் யாத்திரிகர்கள் இன்றும் "முகல்சராய் வந்துவிட்டதா?" என்று கேட்டுக்கொண்டேதான் இறங்குகின்றனர்.

சென்ற குளிர்காலத்தில் ஓர் இரவு, பனிமூட்டத்தால் ஐந்து மணி நேரம் தாமதித்து வந்த வண்டியிலிருந்து திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த முதியவர் ஒருவரும் அவர் மனைவியாரும் இறங்கினர். காசியில் ஒரு வீட்டில் இரண்டு நாள் தங்குவதற்குக் கைப்பேசி வழியே அறை பதிவு செய்து, பணமும் முன்னதாகவே செலுத்தியிருந்தனர். வீட்டுக்காரரோ தொலைபேசியை எடுக்கவில்லை. நிலையத்து ஓய்வறைகளில் இடமில்லை. அம்மையாருக்குக் காய்ச்சல் வேறு. பணி முடிந்து புறப்பட்ட நாம் அவர்களை நம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றோம். மறுநாட் காலையில் அப்பெரியவர் ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். நாம் வாங்கவில்லை. "தம்பி, அங்கே பணம் கொடுத்தும் இடமில்லை, இங்கே இடம் கொடுத்தும் பணம் வேண்டாம் என்கிறீர்களே" என்றார் அவர். அச்சொல்லே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. நாம் கோப்புகளோடு பழகும் எழுத்தரேயன்றி வரலாற்றுப் புலவர் அல்லோம். படித்தறிந்தவற்றை மட்டும் ஈண்டுத் தொகுத்துரைக்கின்றோம்.

அயலானுக்கு ஓர் இரவு இடமளிப்பது நம் நாட்டில் மிகப் பழைய வழக்கம். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அசோக மன்னர் சாலையோரம் ஆலமரங்கள் நட்டதையும், எட்டுக் குரோசத்துக்கு ஒன்றாகக் கிணறுகள் வெட்டியதையும், தங்குமிடங்கள் அமைத்ததையும் தம் ஏழாம் தூண் சாசனத்தில் பொறித்திருக்கிறார். 1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர்ஷா, பெருவழிகளில் இரண்டு குரோசத்துக்கு ஒன்றாகச் சராய்கள் கட்டினார் என்றும், அவற்றில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனி ஏற்பாடுகள் இருந்தன என்றும் வரலாறு கூறும்.

தமிழகத்தில் இப்பணியைச் சத்திரங்கள் ஆற்றின. மதுரையில் 1689 முதல் 1706 வரை ஆட்சியை நடத்திய ராணி மங்கம்மாளின் பெயர் இன்றும் மதுரை ரயில் நிலையத்திற்கு எதிரேயுள்ள சத்திரத்தில் விளங்குகிறது. இராமேசுவர யாத்திரிகருக்காகச் சேதுபதி மன்னர்களும் சத்திரங்கள் அமைத்தனர். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801ஆம் ஆண்டில் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதமொன்று நம் சிந்தனைக்கு உரியது. தம் முன்னோர் நிறுவிய சத்திரங்களில் எல்லாச் சாதியாருக்கும் உணவு அளிக்கப்படுவதை அவர் அதில் விவரிக்கிறார். நடுநிசியில் மணியடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உளரோ என அழைத்து உணவளிப்பர். வழியில் நோயுற்றவருக்கு மருந்தும் பத்திய உணவும் தருவர். இறந்தோருக்குரிய ஈமக்கடன் செய்வர். அநாதைக் குழந்தைகளை வளர்த்துக் கல்வி புகட்டுவர் என்று கூறுகிறார். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் பெயரால் சத்திரம் எழுப்பியவரும் அவரே. காசியிலிருந்து இராமேசுவரம் செல்லும் வடநாட்டு யாத்திரிகரும் அச்சத்திரங்களில் உண்டு உறங்கினர் என்பதைக் காசிக்கரையில் வாழும் நாம் மறத்தலாகாது.

அக்கடனைத் தமிழரும் பெற்றுள்ளோம். காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் 19ஆம் நூற்றாண்டில் நிறுவிய சத்திரம் இன்றும் தென்னாட்டாருக்குப் புகலிடமாக இருக்கிறது. அனுமான் கட்டத்தை அடுத்த தெருக்களில் வாழ்ந்த தென்னாட்டுப் புரோகிதர்களின் வீடுகளும் யாத்திரிகருக்கு இடமளித்தன. 1887இல் கங்கைமீது பாலம் திறக்கப்படும்வரை, கிழக்கிலிருந்து ரயிலில் வந்தோர் ஓடமேறியே காசியை அடைந்தனர். களைத்து வந்த அவர்களுக்குத் தமிழ் கேட்கும் ஒரு திண்ணை எத்துணை ஆறுதலாக இருந்திருக்கும்!

எனினும் பழமை யாவும் பொன்னென்று கருதுவதும் பிழையே. பல சத்திரங்களிலும் தர்மசாலைகளிலும் வந்தவரை முதலில் கேட்ட கேள்வி "பசிக்கிறதா?" என்பதன்று, "என்ன குலம்?" என்பதே. தென்னிந்திய ரயில் நிலைய உணவுச்சாலைகளிலும் பிராமணருக்குத் தனியிடம் இருந்தது; எதிர்ப்புக் கிளர்ந்தபின் 1941இல் அவ்வேற்றுமை நீங்கியது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் விதி, உணவகங்களிலும் விடுதிகளிலும் சாதி, மதம், பிறப்பிடம் காரணமாக எவரையும் தடுத்தல் கூடாதென விலக்கிற்று.

வாடகைக்கு இடம் விடுவோருக்கும் சட்டம் உண்டாயிற்று. 1867ஆம் ஆண்டுச் சராய்ச் சட்டப்படி சராயைப் பதிவு செய்தல் வேண்டும். அறைகளையும் கிணற்றையும் தூய்மையாக வைத்தல் வேண்டும். தொற்றுநோய் கண்டால் உடனே காவல் நிலையத்துக்கு அறிவித்தல் வேண்டும். காவலாளரை அமர்த்துதல் வேண்டும். கட்டண விவரத்தை யாவரும் காணுமாறு எழுதி வைத்தல் வேண்டும். எழுத்தராகிய நமக்கு இந்தக் கடைசி விதி பெரிதும் உவப்பானது.

இக்காலத்து வழக்கத்தின் தோற்றமும் சுவையானதே. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் வீட்டு வாடகை செலுத்த இயலாத இரு இளைஞர்கள், மாநாட்டுக்கு வந்தோர் மூவருக்குத் தம் வீட்டுத் தரையில் காற்றடைத்த மெத்தைகளை விரித்து இடமளித்துப் பணம் பெற்றனர். அதிலிருந்து 2008இல் ஏர்பிஎன்பி என்னும் நிறுவனம் எழுந்தது. நம் நாட்டிலும் மத்திய சுற்றுலா அமைச்சகம், உரிமையாளர் குடும்பத்தோடு வசிக்கும் வீட்டில் ஆறு அறைகள் வரை விருந்தினருக்கு விடும் திட்டமொன்றை வகுத்தது. இவற்றையே ஹோம்ஸ்டே என்கிறோம். தங்கியவர் வீட்டை மதிப்பிட்டு எழுதுகிறார். வீட்டுக்காரரும் தங்கியவரை மதிப்பிட்டு எழுதுகிறார். அன்று அறத்தின்பேரில் எழுந்த நம்பிக்கை இன்று இம்மதிப்பெண்ணின்பேரில் எழுகிறது.

இதனை இழிவென்று நாம் கூறவில்லை. நம் சங்கத்து அன்பர் சிலர் மாடி அறையை யாத்திரிகருக்கு விட்டே பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்துகின்றனர். உழைத்துப் பெறும் வாடகை நேரிய வருவாயே. ஆனால் 2025ஆம் ஆண்டு மகா கும்பமேளாவின்போது காசியிலும் வாடகை பன்மடங்கு ஏறியதை நாம் கண்டோம். கூட்டம் பெருகியபோது சரபோஜி மன்னரின் சத்திரத்தில் உலைநீர் பெருகிற்று. நம் காலத்திலோ விலை பெருகிற்று.

எனவே இவ்வாண்டு விழா மலர் வாயிலாகச் சங்கத்தின்முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றோம். அறை விடும் அன்பர்கள் கட்டணத்தைக் கதவருகே எழுதி வைத்து, திருவிழா நாளிலும் அதனை மாற்றாதிருத்தல் வேண்டும். வருவோரிடம் பெயரும் அடையாளச் சான்றும் அன்றிக் குலம் கேளாதிருத்தல் வேண்டும். நோயுற்றவரை வெளியேற்றாது மருத்துவரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். வண்டி தாமதமாயின் கதவு திறக்க ஒருவர் விழித்திருத்தல் வேண்டும். கடைசிப் பணிக்கு ஆள் கிட்டாத இரவுகளில் நம் பெயரை எழுதிக்கொள்க. எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்து சேரும் என்பது நமக்குத் தெரியும்.