கன்னிமாரா: ஓர் அஞ்சலட்டையின் முன்னும் பின்னும்

சின்ன வயசுல 'கன்னிமாரா நூலகம்'னு முதல்முறை கேட்டப்போ, கன்னிமார் கோயில் பக்கத்துல இருக்கிற ஏதோ நூலகம்னுதான் நினைச்சேன். எங்க ஊர் ஏரிக்கரையில ஏழு கன்னிமார் உண்டு. இது அயர்லாந்தின் மேற்கில் உள்ள ஒரு நிலப்பகுதியின் பெயர் என்பது ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.

அந்த நூலகத்தின் பழைய பட அஞ்சலட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. எழும்பூர் பாந்தியன் சாலை, செங்கல் நிறக் கட்டடம், முன்னால் வெறிச்சோடிய பாதை. தேதியும் இல்லை, அஞ்சல் முத்திரையும் இல்லை. பின்பக்கம் நடுவே ஒரு கோடு: இடப்பக்கம் சேதி, வலப்பக்கம் முகவரி. பிரிட்டனில் இந்த முறைக்கு அனுமதி கிடைத்தது 1902-ல். ஆகவே அட்டை அதற்குப் பிந்தியது.

படத்தில் இருப்பது ஹென்றி இர்வின் வடிவமைத்த கட்டடம். மைசூர் அரண்மனையை வடிவமைத்த அதே இர்வின்தான். ஆளுநர் கன்னிமாரா பிரபு 1890 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார். அந்த ஆண்டே பதவியை விட்டுக் கிளம்பிவிட்டார். 1896 டிசம்பர் 5 அன்று நூலகம் திறக்கப்பட்டபோது ஆளுநர் வேறொருவர். கல் வைத்தவர் போயாச்சு, பேர் மட்டும் நின்னுடுச்சு.

இதன் வேர் இன்னும் பழையது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்குப் பயிற்சி தந்த இங்கிலாந்தின் ஹெய்லிபரி கல்லூரியில் மிஞ்சிப்போன புத்தகங்கள் சென்னைக்கு அனுப்பப்பட்டன. அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த கேப்டன் ஜெஸ்ஸி மிட்செல் 1860-களின் தொடக்கத்தில் அவற்றை வைத்து அங்கேயே சிறிய நூலகம் ஒன்றை அமைத்தார். அதாவது, வேண்டாம்னு தள்ளின புத்தகங்கள்லதான் ஆரம்பம்.

ஆனால் அட்டை காட்டாத ஒன்று உண்டு. இந்தக் கட்டடத்தை நம்முடையதாக்கியது தேக்கு மர வேலைப்பாடோ வண்ணக் கண்ணாடியோ அல்ல, இரண்டு சட்டங்கள். 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. எஸ். ஆர். ரங்கநாதன் பல ஆண்டுகள் வாதாடியதன் பலன். அதன்படி 1950-ல் கன்னிமாரா மாநில மைய நூலகமானது. 1954-ன் நூல் வழங்கல் சட்டத்துக்குப் பிறகு, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி வந்துசேர வேண்டிய நான்கு நூலகங்களில் இதுவும் ஒன்று. ஒரு காலத்தில் மிச்சப் புத்தகங்களை வாங்கிக்கொண்ட இடத்துக்கு, இன்று நாட்டின் எல்லாப் புத்தகங்கள் மீதும் உரிமை!

1948 சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. சொத்து வரியோடு சேர்த்தே வசூலிக்கிறார்கள். வீட்டு வரி ரசீது இருந்தா ஒருதடவை எடுத்துப் பாருங்க. பழைய அஞ்சலட்டைக்கு ஆசைப்பட்டு நான் காசு கொடுத்தேன். நூலகத்துக்கு நாம எல்லாரும் ஏற்கெனவே கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம். அட்டையில் காலியாகக் கிடக்கும் அந்தப் பாதையில் உள்ளே போக, நமக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.