நிழலில் தோற்ற அருகு: தாம்பரத்துப் புல்தரைகளின் வரலாறு

ஆங்கிலேயர் சென்னைக்குக் கொண்டுவந்த தோட்டக்கலை வழக்கங்களுள், இந்த மண்ணோடும் வெயிலோடும் மிகுதியாகப் போராட நேர்ந்தது புல்தரை வளர்ப்பே எனலாம். மங்கிய வெயிலும் அடிக்கடி பெய்யும் தூறலும் உடைய இங்கிலாந்தில் புல் எளிதில் தழைத்தது. எட்வின் பட்டிங் என்பவர் 1830ஆம் ஆண்டில் புல்வெட்டும் பொறிக்குக் காப்புரிமை பெற்றபின், அதை ஒட்ட வெட்டிப் பேணுவது நடுத்தர வீட்டாருக்கும் இயலும் செயலாயிற்று. அங்கே மரநிழல் புல்லுக்கு நேர்ந்த குறையாகவே எண்ணப்பட்டது. சென்னையிலோ நிழலே மனிதர் முதலில் தேடும் பொருள். இவ்விரண்டையும் ஒரே வளாகத்தில் விரும்பியதால் எழுந்த முரண்பாட்டைத் தாம்பரத்தின் கடந்த நூறாண்டு வரலாற்றில் தெளிவாகக் காணலாம்.

பழைய தாம்பரம், சேலையூர், வண்டலூர்ப் பகுதிகளில் இயற்கையாக அமைந்திருந்தது, தாவரவியலார் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என வகைப்படுத்தும் குறுங்காடு. அதாவது காசா, வீரை, களா, சூரை முதலியவை நெருங்கி வளர்ந்து, கோடையிலும் இலை முழுதும் உதிராமல் நிற்கும் புதர்க்காடு. ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் அருகு படர்ந்திருந்தது. அது மாட்டுக்குத் தீவனமாகவும், வரப்பைப் பிடித்து நிறுத்தும் காவலாகவும், பிள்ளையார் வழிபாட்டுப் பொருளாகவும் மதிக்கப்பட்டதே அன்றி, வீட்டின் முன் பார்வைக்காக வளர்க்கப்படவில்லை. பெருக்கிச் சாணம் தெளித்துக் கோலமிடும் வாசலே வீட்டுக்கு அழகு என்றிருந்த ஊரில், வாசலில் புல் முளைத்தால் பாம்பு தங்கும் என்றஞ்சிச் செதுக்கி எறிவதே முறையாயிருந்தது. இம்முறையில் அறிவு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

இந்நிலப்பரப்பு மாறத் தொடங்கியது 1928ஆம் ஆண்டை ஒட்டியாகும். இங்கிலாந்தில் காசநோய் மருத்துவமனை நடத்திய பட்டறிவுடைய மருத்துவர் சௌரிமுத்து, திறந்தவெளியும் தூய காற்றுமே காசநோய்க்கு மருந்து என அந்நாளில் நிலவிய கொள்கைப்படி, பச்சைமலையின் அடிவாரத்தில் ஒரு நலவாழ்வு இல்லத்தை நிறுவினார். இன்றும் அப்பகுதிக்குத் தாம்பரம் சானடோரியம் என்ற பெயர் நிலைத்துள்ளது. சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் 1931இல் ஓடத் தொடங்கியதால், ஊரின் தொலைவு குறைந்தது. ஜார்ஜ் டவுனின் நெரிசலில் இருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1937ஆம் ஆண்டில் சேலையூர்க் காட்டை ஒட்டிய முந்நூற்றைம்பது ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்துக்கு இடம்பெயர்ந்தது. அக்கல்லூரியின் வேதியியல் பேராசிரியரான எட்வர்ட் பார்ன்ஸ், தாவரவியலிலும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். செரோபீஜியா என்னும் தாவரப் பேரினத்தின் ஓர் இனம் அவர் பெயரால் வழங்குகிறது. அவரும் அவர் மனைவி ஆலிஸும் முன்னின்று நட்ட மரங்களே வளாகத்தின் நிழலுக்கு அடித்தளம். நட்டபோது கன்றுகளாயிருந்தவை அரை நூற்றாண்டில் ஒன்றோடொன்று கிளை கோத்துக் கூரை போல் மூடிய பிறகுதான் புல்லின் இடர்ப்பாடு முழுமையாக வெளிப்படும் என்பது மரம் நடுவோர் எவர்க்கும் எளிதில் தோன்றாத ஒன்று.

காரணம் அருகின் இயல்பிலேயே உள்ளது. மண்மேல் படர்ந்து கணுதோறும் வேர்விடும் ஓடுதண்டுகளால் பரவும் அப்புல், நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம் நேர்வெயில் பெற்றால், மிதிபட்டாலும் வறண்டாலும் மீண்டும் துளிர்க்கும். நிழலிலோ ஒளியைத் தேடித் தண்டு நீள, கணுக்கள் இடைவெளிவிட, இலை மெலிந்து, இடையிடையே வெறும் செம்மண் தெரியத் தொடங்கும். மரவேர்கள் நீரையும் சத்தையும் முந்திக்கொள்வதும், உதிர்ந்த இலைகள் மீதமுள்ள ஒளியையும் மறைப்பதும் இதனுடன் சேரும். ஆயினும் எல்லா நிழலும் ஒன்றல்ல. தென்னமெரிக்காவிலிருந்து வந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தியச் சாலைகளில் பரவிய தூங்குமூஞ்சி மரம், மாலையிலும் கார்மேகம் சூழ்ந்த போதும் தன் சிற்றிலைகளை மடக்கிக்கொள்வதால் மழைநீர் அடிவரை இறங்குகிறது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த அம்மரத்தின் சருகு மண்ணுக்குத் தழைச்சத்தும் தருகிறது. மாமரத்தின் அடர்நிழலிலோ எந்தப் புல்லும் நெடுநாள் நிற்பதில்லை.

மரத்தை வெட்ட மனமில்லாத தோட்டக்காரர்கள் புல்லை மாற்றினர். வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்ததும், இலங்கையிலும் மலாயாவிலும் தோப்புகளின் அடியில் தரைமூடியாகப் பரவியதுமான அகன்ற இலையுடைய கார்ப்பெட் புல், தடித்த தண்டுடைய பஃபலோ புல், மென்மையான கொரியன் புல் ஆகியவை நாற்றுப்பண்ணைகளில் இடம்பெற்றன. கொரியன் புல்லின் நெருங்கிய உறவான சோய்சியா மாட்ரெல்லா இந்தியக் கடற்கரை மணலில் தானாக வளர்வது. லின்னேயஸ் 1771ஆம் ஆண்டிலேயே பெயரிட்ட அப்புல்லின் உறவினத்தை அயலிலிருந்து வந்ததாகக் கருதி விலைகொடுத்து வாங்குவது சற்று வேடிக்கையானதே. நிழற்புல்லுக்குப் பராமரிப்பும் வேறு: உயரமாக விட்டு வெட்டுதல், உரத்தைக் குறைத்தல், காலையில் மட்டும் நீர்விடுதல், தாழ்ந்த கிளைகளைக் கவாத்து செய்து சாய்ந்த வெயிலுக்கு வழிவிடுதல்.

அடுக்குமாடிகள் பெருகிய பின்னர்ப் புறநகரில் நிழலின் தன்மையே மாறிற்று. இலைகளின் ஊடே சிதறி விழும் ஒளி மரநிழலில் உண்டு. கட்டட நிழலில் அதுவும் இல்லை. சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் இருப்பதால், நண்பகல் சூரியன் ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி கடந்தும் சற்றே வடக்கில் நின்று, மற்ற மாதங்களில் தெற்கே சாய்கிறது. ஆகவே, உயர்ந்த கட்டடத்தின் வடபுறத்துப் புல்லுக்கு, நீர் அரிதான கோடையில் கடும் வெயிலும், வடகிழக்குப் பருவமழையால் மண் ஊறிக்கிடக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இருளும் கிடைக்கின்றன. பூஞ்சையும் பாசியும் அங்கே ஏறுவதற்குத் தோட்டக்காரரின் கவனக்குறைவு காரணமல்ல. இத்தகைய இடங்களுக்கு எந்தப் புல்லையும் பரிந்துரைப்பது விற்பவருக்கே நன்மை.

2016 டிசம்பர் 12இல் வீசிய வர்தா புயல் சென்னைப் பகுதியெங்கும் மரங்களைச் சாய்த்தபோது, பல்லாண்டு நிழலில் கிடந்த தரை ஒரே நாளில் வெயிலுக்கு வந்தது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் நகருக்கு நீர் வழங்கும் ஏரிகள் வற்றியதால், புல்தரைக்கு நீர்விடுவதே தகாத செயலாகக் கருதப்படும் நிலை உருவாயிற்று. புறநகர்க் குடியிருப்புகள் பலவற்றில் புல்லின் இடத்தைச் சிமெண்ட் கற்கள் பிடித்துள்ளன. மழைநீர் மண்ணில் இறங்க வழியில்லாத அத்தரையைவிட, சேலையூர்க் காட்டின் எஞ்சிய பகுதிகளில் காசாவின் அடியில் பெருக்கப்படாமல் கிடக்கும் சருகுப்படுகையே இம்மண்ணுக்குப் பொருந்திய நிழல்தரை.