ஆலோசனையா, கட்டளையா? ஏர்பிஎன்பி வீட்டுக்காரர்களும் விலைக்குறைப்பும்

2007 அக்டோபரில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் வடிவமைப்பாளர்கள் மாநாடு ஒன்று நடந்தது. ஊரில் ஹோட்டல் அறை கிடைப்பது கஷ்டமாக இருந்தது. அதே ஊரில் பிரையன் செஸ்கி, ஜோ கெபியா என்ற இரண்டு இளைஞர்கள் வீட்டு வாடகை கட்ட வழியில்லாமல் இருந்தார்கள். காற்றடித்த மெத்தைகளைப் போட்டு, காலைச் சாப்பாட்டோடு தங்க இடம் தருவதாக இணையத்தில் அறிவித்தார்கள். மூன்று பேர் வந்து தங்கினார்கள். ஓர் இரவுக்கு ஒருவருக்கு 80 டாலர். ஏர்பிஎன்பி என்ற நிறுவனம் பிறந்த கதை இதுதான்.

இந்தக் கதையில் ஒரு சின்ன விஷயம் உண்டு. அந்த 80 டாலரை முடிவு செய்தது அந்த இரண்டு பேரேதான். "இது அதிகம், 65 போடுங்கள்" என்று சொல்ல அன்று யாரும் இல்லை. ஆனால் அவர்கள் தொடங்கிய நிறுவனத்தில் வீட்டையோ அறையையோ வாடகைக்கு விடுபவர்களின் நெடுநாள் புலம்பல் இதுதான்: "விலையைக் குறை, விலையைக் குறை என்று தளம் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது." வீடு அவர்களுடையது, விலையைப் போடும் உரிமையும் ஒப்பந்தப்படி அவர்களுடையது. பிறகு ஏன் இந்தப் புலம்பல்? அதைப் புரிந்துகொள்ள விமானத்தில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

விற்காத இருக்கையும் வாடிய பூவும்

மாலையில் முழம் ஒரு விலைக்கு விற்ற மல்லிகைப்பூ, இரவு ஒன்பது மணிக்குப் பாதி விலைக்குக் கிடைக்கும். காலையில் அந்தப் பூவுக்கு விலையே இல்லை என்பது பூ விற்பவருக்குத் தெரியும். விமான இருக்கையும் அப்படித்தான். விமானம் கிளம்பிவிட்டால் காலி இருக்கையை மறுநாள் விற்க முடியாது.

1978-ல் அமெரிக்க அரசு விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கச் சட்டம் கொண்டுவந்தது. பீப்பிள் எக்ஸ்பிரஸ் போன்ற புதிய நிறுவனங்கள் மிகக் குறைந்த கட்டணத்தில் களம் இறங்கின. 1985-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒரு பதிலடி கொடுத்தது. ஒவ்வொரு விமானத்திலும் எத்தனை இருக்கை காலியாகப் போகும் என்று கம்ப்யூட்டரில் கணித்து, அந்த இருக்கைகளை மட்டும் அடிமட்ட விலைக்கு விற்றது. மற்ற இருக்கைகளுக்கு விலை குறையவில்லை. இரண்டே ஆண்டுகளில் பீப்பிள் எக்ஸ்பிரஸ் வேறொரு நிறுவனத்துக்குள் கரைந்து மறைந்தது. பிறகு மேரியட் போன்ற ஹோட்டல் நிறுவனங்களும் இந்த முறையைக் கையில் எடுத்தன. நாளுக்கு நாள் மாறும் விலை அங்கும் பழகிப்போனது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் இருக்கைக்குத் தானே விலை போட்டது. எரிபொருள் செலவும் அதனுடையது, லாப நஷ்டமும் அதனுடையது. கணக்குப் போடுபவரும் செலவு செய்பவரும் ஒருவரே.

விலைப் பெட்டிக்கு முன்னால்

ஏர்பிஎன்பியில் நிலைமை வேறு. அறை ஒருவருடையது, கணக்குப் போடும் கம்ப்யூட்டர் இன்னொருவருடையது.

ஆனாலும் இந்தக் கணக்கு கெட்ட எண்ணத்தில் தொடங்கியதல்ல. நிறுவனத்தில் இந்த வேலையைக் கவனித்த டான் ஹில் 2015-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் அதன் தொடக்கத்தைச் சொல்லியிருக்கிறார். புதிதாக அறையைப் பட்டியலிட வருபவர்கள் எல்லா விவரங்களையும் நிரப்பிவிட்டு, விலை கேட்கும் இடத்தில் தடுமாறி நின்றார்கள். என்ன போடுவதென்று தெரியாமல் அக்கம்பக்கத்து அறைகளின் விலையைத் தேடிப் பார்த்தார்கள். உண்மைதானே? ஹோட்டல் முதலாளிக்கு அனுபவம் உண்டு. வீட்டின் பின்பக்க அறையை முதன்முதலில் வாடகைக்கு விடும் ஓர் ஆசிரியைக்கு என்ன தெரியும்?

அதற்கு விடையாக 2015 ஜூன் மாதம் 'பிரைஸ் டிப்ஸ்' வந்தது. காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் இந்த விலை போட்டால் ஆள் வரலாம் என்று தளம் யோசனை சொல்லும். அதே ஆண்டு நவம்பரில் 'ஸ்மார்ட் பிரைசிங்' வந்தது. குறைந்தபட்ச விலை, அதிகபட்ச விலை இரண்டையும் சொல்லிவிட்டால் போதும், நடுவில் உள்ளதைத் தளமே தினமும் மாற்றிக்கொள்ளும். புலம்பலும் இங்கேதான் சூடு பிடித்தது. குறைந்தபட்சம் என்று எதைப் போட்டோமோ அந்த விலையிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் பலருடைய குறை.

இந்தக் குறை வெறும் மனப்பிரமையா? 2018-ல் ஏர்பிஎன்பியின் ஆய்வாளர்களே தங்கள் விலை முறையை விளக்கி, கேடிடி என்ற மாநாட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சரியான விலை எது என்பதை நேரடியாகக் கண்டுபிடிப்பது கடினம் என்பதால், யோசனை நல்லதா இல்லையா என்று சோதிக்கச் சில அளவுகோல்களை வைத்திருந்தார்கள். அவற்றில் முக்கியமான ஒன்று: ஆள் வராமல் போன இரவுகளில் எத்தனை இரவுகளுக்கு, வீட்டுக்காரர் போட்ட விலையைவிடக் குறைவான விலையைக் கம்ப்யூட்டர் சொல்லியிருந்தது? நல்ல விலைக்குப் போன இரவுக்கு அதைவிடக் குறைத்துச் சொல்லியிருந்தால் அது தவறு என்று கணக்கிடும் இன்னொரு அளவுகோலும் இருந்தது. ஆக, வீட்டுக்காரரின் நஷ்டத்தை அவர்கள் மறக்கவில்லை. ஆனால் காலியாகக் கிடந்த இரவு என்றால், "குறை" என்று சொல்வதுதான் சரியான விடை.

ஒரு சின்னக் கணக்கு

காமர்ஸ் படிக்கும் எவரும் இரண்டு நிமிடத்தில் போடக்கூடிய கணக்கு இது. எண்கள் உதாரணத்துக்காக மட்டும்.

ஓர் அறையின் விலை இரவுக்கு 100 டாலர். மாதத்தில் 10 இரவுகள் ஆள் வருகிறது. மொத்த வருவாய் 1000 டாலர். தளம் சொன்னபடி விலையை 85 ஆக்கினால் 13 இரவுகள் ஆள் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருவாய் 1105 டாலர். தளம் சொன்னது சரிதான், வருவாய் கூடிவிட்டது!

இனி செலவு. படுக்கை விரிப்பு துவைப்பது, சுத்தம் செய்வது, மின்சாரம், சோப்பு, தேய்மானம் எல்லாம் சேர்த்து ஓர் இரவுக்கு 40 டாலர் மாறும் செலவு என்றால், முதல் கணக்கில் 400 போக மிச்சம் 600. இரண்டாவது கணக்கில் 520 போக மிச்சம் 585. மூன்று இரவு கூடுதலாக வேலை பார்த்து 15 டாலர் குறைவாகச் சம்பாதித்திருக்கிறார் வீட்டுக்காரர்.

தளத்துக்கு? இரு தரப்பிலும் சேர்த்து 15 சதவீதம் கமிஷன் என்று வைத்தால் முன்பு 150 டாலர், இப்போது கிட்டத்தட்ட 166. தளம் விரிப்பு துவைப்பதில்லை. அதற்கு ஒவ்வோர் இரவும் ஏறக்குறைய செலவில்லாத வரவு. வீட்டுக்காரரின் கரண்ட் பில் தளத்தின் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை.

பிரச்சினையின் வேர் இதுதான். தளத்துக்கு வேண்டியது வருவாய், வீட்டுக்காரருக்கு வேண்டியது லாபம். இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே போகும். ஆனால் விலை குறையக் குறைய, ஏதோ ஒரு புள்ளியில் இரண்டும் பிரிந்துவிடும். அந்தப் புள்ளிக்குப் பிறகு தளத்தின் நல்ல யோசனை வீட்டுக்காரருக்குக் கெட்ட யோசனை.

மறுபக்கமும் உண்டு

நியாயமாகப் பேசினால் எதிர்த் தரப்பையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஏழு நகரங்களில் 9,396 வீடுகளின் விவரங்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2021-ல் மார்க்கெட்டிங் சயன்ஸ் இதழில் வந்தது. ஸ்மார்ட் பிரைசிங்கை ஏற்றவர்களின் சராசரி இரவு விலை 5.7 சதவீதம் குறைந்தது. ஆனால் அவர்களின் சராசரி தினசரி வருவாய் 8.6 சதவீதம் கூடியது. கறுப்பின வீட்டுக்காரர்களுக்கு வெள்ளையர்களைவிட அதிகப் பலன் கிடைத்தது. ஆனால் அதை ஏற்றுக்கொண்டவர்கள் அவர்களில் குறைவு.

அதாவது பலர் உண்மையிலேயே அதிக விலை போட்டு அறையைக் காலியாக வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் அவர்களுக்கு உதவியது. ஆனால் அந்த 8.6 சதவீதம் வருவாயின் உயர்வு. கூடுதல் இரவுகளின் செலவு போக எவ்வளவு மிஞ்சியது என்பது வேறு கேள்வி. வாரக் கணக்கில் ஒரே ஆள் தங்கும் வீட்டில் அந்தச் செலவு குறைவு. தினம் ஓர் ஆள் மாறும் வீட்டில் அதிகம். புலம்பலும் ஆளுக்கு ஆள் மாறுவது அதனால்தான்.

ஆலோசனை எப்போது அழுத்தம் ஆகிறது?

"பிடிக்கவில்லை என்றால் கேட்காமல் இருக்கலாமே" என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். தேடல் பட்டியலில் யார் முன்னால் வருவது என்பதில் விலையும் ஒரு காரணம், அக்கம்பக்கத்து ஒத்த வீடுகளைவிட விலை குறைவாக இருந்தால் மேலே வர வாய்ப்பு அதிகம் என்று தளமே தன் விளக்கத்தில் சொல்கிறது. யோசனை சொல்பவரும் வரிசையில் நிறுத்துபவரும் ஒருவரே என்றால், அந்த யோசனையை வெறும் யோசனையாக யார் கேட்பார்கள்?

விதிகள் யார் கையில் என்பது 2020-ல் எல்லோருக்கும் புரிந்தது. கொரோனா பரவியபோது, வீட்டுக்காரர்கள் போட்டிருந்த ரத்து விதிகளை ஒதுக்கிவிட்டு விருந்தினர்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தர மார்ச் மாதம் ஏர்பிஎன்பி முடிவு செய்தது. விருந்தினர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் வீட்டுக்காரர்களைக் கலந்து பேசவில்லை. மாதக் கடைசியில் செஸ்கி அதற்காக மன்னிப்புக் கேட்டு, 25 கோடி டாலர் ஈடு அறிவித்தார். ரத்து விதிப்படி வரவேண்டியதில் கால் பங்குதான் அது.

2022 இறுதியில் சுத்தம் செய்யும் கட்டணத்தையும் சேர்த்து மொத்த விலையைத் தேடலிலேயே காட்டும் வசதி வந்தது. 2025-ல் அதுவே உலகெங்கும் வழக்கமானது. கடைசி நேரத்தில் பில் எகிறுவதைப் பார்த்து எரிச்சலடைந்த விருந்தினர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் வீட்டுக்காரரின் செலவு தனியாகத் தெரிந்த ஒரே இடம் அந்தச் சுத்தக் கட்டணம்தான். 2023-ல் அக்கம்பக்கத்தில் எந்த வீடு என்ன விலைக்குப் போனது, எது போகவில்லை என்று வரைபடத்தில் காட்டும் வசதியும் சேர்ந்தது. எல்லோரும் எல்லோரையும் பார்த்துக் குறைத்தால் தெருவுக்கே விலை இறங்கும்.

ஹோட்டல்காரர்களும் பெரிய வீட்டு முதலாளிகளும்

தளங்களோடு மோதியவர்களில் வீட்டுக்காரர்கள் முதல் ஆட்கள் அல்ல. ஐரோப்பாவில் புக்கிங் டாட் காம், எச்ஆர்எஸ் போன்ற தளங்கள், ஹோட்டல்கள் வேறு இடத்தில் குறைந்த விலைக்கு விற்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே விதி வைத்திருந்தன. ஜெர்மனியின் போட்டி ஆணையம் 2013-ல் எச்ஆர்எஸ்ஸையும் 2015-ல் புக்கிங்கையும் தடுத்தது. பிரான்ஸ் 2015-ல் சட்டமே போட்டது. ஹோட்டல்களுக்குச் சங்கம் இருந்தது, சுட்டிக்காட்ட எழுத்தில் ஒரு விதியும் இருந்தது. ஏர்பிஎன்பி வீட்டுக்காரருக்கு அப்படி எந்த விதியும் இல்லை. இருப்பது யோசனை மட்டும்தான். யோசனையின் மேல் வழக்குப் போடுவது எப்படி?

இன்னொரு வழக்கு இதைவிட வேடிக்கை. 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதித்துறை ரியல்பேஜ் என்ற நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்தது. அதுவும் வாடகை எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் யோசனை சொல்லும் நிறுவனம்தான். ஆனால் குற்றச்சாட்டு நேர் எதிர். வாடகையைச் செயற்கையாக ஏற்ற உதவுகிறது என்பதுதான் புகார்! இரண்டும் ஒரே வகைக் கருவி. ஒன்று விலையை இறக்குகிறது என்கிறார்கள், மற்றது ஏற்றுகிறது என்கிறார்கள். ரியல்பேஜுக்குக் காசு கொடுப்பவர்கள் அடுக்குமாடி முதலாளிகள். ஏர்பிஎன்பிக்கு வரவு, நிறைந்த இரவுகளில் இருந்து. கணக்குப் போடும் கருவிக்குச் சொந்தப் புத்தி கிடையாது. யாருடைய கல்லாப்பெட்டி நிரம்ப வேண்டுமோ அந்தப் பக்கம் சாயும்.

முடிவாக

தளம் மோசடி செய்கிறது என்று சொல்வது எளிது, ஆனால் சரியல்ல. வீட்டுக்காரர்கள் பேராசைக்காரர்கள் என்பதும் சரியல்ல. செலவைச் சுமக்காதவர் சொல்லும் விலை, செலவைச் சுமப்பவரின் விலையாக எப்போதும் இருக்க முடியாது. அவ்வளவுதான். விவரம் தெரிந்தவர்கள் தளத்தின் யோசனையைச் சந்தை நிலவரமாக மட்டும் எடுத்துக்கொண்டு, தங்கள் செலவைத் தாங்களே எழுதி வைத்து, அதற்குக் கீழே குறைந்தபட்ச விலையை வைப்பதில்லை. பிரைஸ்லாப்ஸ் போன்ற வேறு கருவிகளுக்குத் தனியாகப் பணம் கட்டுபவர்களும் உண்டு. தங்களுக்காகக் கணக்குப் போட ஓர் ஆளை வைத்துக்கொள்வது போலத்தான் இது.

எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஓர் இரவு ஆள் தங்கினால் கையில் இருந்து எவ்வளவு போகிறது என்ற ஒரே ஓர் எண். அந்த எண் தளத்துக்குத் தெரியாது. வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை என்றால், அவர் விலையை இன்னொருவர்தான் போடுவார்.