சிந்தனையைச் சித்திரமாக்கிய மலையடிவாரம்

திருமங்கலத்திலிருந்து கொல்லத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலை, செங்கோட்டையைக் கடந்து ஆரியங்காவுக் கணவாயின் ஏற்றத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பாகத் தமிழ்நாட்டின் எல்லையூராக நிற்பது புளியறை. முதலில் திருவாங்கூருக்கும் பின்னர் திருவாங்கூர்-கொச்சி ராஜ்யத்துக்கும் உரியதாயிருந்து, 1956ஆம் வருஷம் நவம்பர் 1ஆம் தேதி செங்கோட்டைப் பகுதியோடு சேர்ந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்த ஊர் இது. இன்று வெளியூரார் இதனை இரண்டு காரணங்களால் அறிவர். ஒன்று, லாரிகள் வரிசையாக நிற்கும் சோதனைச் சாவடி. மற்றொன்று, வியாழக்கிழமைகளிலும் குருப்பெயர்ச்சியின்போதும் கூட்டம் நிரம்பி வழியும் சதாசிவமூர்த்தி கோயிலின் தட்சிணாமூர்த்தி சந்நிதி. தில்லை நடராஜப் பெருமானின் திருவுருவம் ஓர் ஆபத்துக் காலத்தில் இவ்வூர்ப் புளியமரப் பொந்தொன்றில் மறைத்து வைக்கப்பட்டிருந்தது என்று ஸ்தல வரலாறு சொல்லும். அதன் சரித்திர உண்மையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. நாம் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு: வாய் திறவாமல், சின்முத்திரை ஒன்றினாலேயே நால்வருக்கு உபதேசித்த ஆசிரியனை இவ்வூர் பூஜிக்கிறது, 27 நட்சத்திரங்களையும் 27 படிகளாக்கி அவற்றின் வழியே சந்நிதிக்கு ஏறச் செய்கிறது. எண்ணி நினைவில் வைக்க வேண்டிய ஒன்றைக் கண்ணால் கண்டு காலால் கடக்கும்படி அமைத்த கட்டடக்காரனின் புத்தி சாமானியமானதன்று.

இதை முதலில் சொல்லக் காரணமுண்டு. இந்நாளில் வியாபார ஸ்தாபனங்களில் ஒரு புதிய பழக்கம் பரவியிருக்கிறது. ஒரு காரியத்தைத் திட்டமிடக் கூடுகிறவர்கள், முன்போல் ஒன்று, இரண்டு என்று வரிசையாகக் குறிப்பெழுதாமல், கணினித் திரையின் நடுவில் அக்காரியத்தின் பெயரை ஒரு வட்டத்துக்குள் இட்டு, அதிலிருந்து நாற்புறமும் கிளைகளை ஓடவிட்டு, கிளைக்கொரு வர்ணமும் சொல்லும் கொடுத்து, முழு விஷயத்தையும் ஒரே பார்வையில் காணும்படி செய்துகொள்கிறார்கள். மைண்ட் மேப் என்றும் மனவரைபடம் என்றும் வழங்கும் இதற்கென்றே தனி மென்பொருள்கள் விற்பனையாகின்றன. இது இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்கக் கம்பெனிகளில் வளர்ந்து, அண்மையில் நம்மிடம் வந்து சேர்ந்த சரக்கு என்பதே பொதுவான அபிப்பிராயம். கருவியைப் பொறுத்தவரையில் அது சரி. ஆனால், ஒன்றோடொன்று பிணைந்த பல பொருள்களைச் சொல்வரிசையில் அடக்காமல் உருவத்தில் அடக்குவது என்ற வித்தைக்கு, குற்றால மலைச்சாரலைச் சுற்றியுள்ள இச்சிறு நிலப்பரப்பிலேயே ஒரு பழைய சரித்திரம் இருக்கிறது. அதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை.

நடராஜப் பெருமானுக்கு உரியனவாகச் சொல்லப்படும் ஐந்து சபைகளில், திருவாலங்காடு ரத்தினத்துக்கும், தில்லை பொன்னுக்கும், மதுரை வெள்ளிக்கும், திருநெல்வேலி தாமிரத்துக்கும் பேர்பெற்றிருக்க, குற்றாலத்துக்கு வாய்த்தது உலோகமும் மணியும் அல்ல, சித்திரம். குற்றாலநாதர் கோயிலினின்றும் தனித்து நிற்கும் சித்திரசபையில் ஆடவல்லான் வார்க்கப்பட்ட விக்கிரகமாக இல்லாமல், சுவரில் எழுதப்பட்ட ஓவியமாகவே வழிபடப்படுகிறான். சுற்றுச் சுவர்களிலோ புராணக் கதைகள் வர்ணத்தில் விரிகின்றன. மற்ற நான்கு சபைகளின் பெருமையும் விலையுயர்ந்த பொருளில் இருக்க, இதன் பெருமை கோட்டிலும் வர்ணத்திலும் இருப்பதை எண்ணுந்தோறும் எனக்கு இச்சபையின்மேல் பட்சபாதம் கூடுகிறதேயொழியக் குறைவதில்லை. இருந்தாலும், சித்திரம் என்பதெல்லாம் சிந்தனையின் வரைபடம் ஆகிவிடாது. கதையைக் காட்டும் ஓவியம் வேறு, தர்க்கத்தைக் காட்டும் உருவம் வேறு. இரண்டாவது வகைக்குச் சான்று தேடினால், குற்றாலத்தை விட்டு, அதே தென்காசிச் சீமையிலுள்ள சாம்பவர் வடகரைக்குப் போக வேண்டும்.

அவ்வூரில் 1859இல் பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, பள்ளிக்கூட வாத்தியாராக வாழ்வைத் தொடங்கி, சித்த வைத்தியத்தில் தேர்ந்து, தஞ்சாவூரில் குடியேறி, வைத்தியத்தால் ஈட்டிய பொருளையெல்லாம் சங்கீத ஆராய்ச்சிக்குச் செலவிட்டவர் அவர். 1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, வித்துவான்களை அழைத்து மாநாடுகள் கூட்டினார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டுக்குத் தம் புதல்வியரை அழைத்துச் சென்று, தாம் வாதித்த சுருதிகளை அவர்களைக்கொண்டு பாடிக் காட்டச் செய்தார். ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை 1917இல் வெளியிட்டு, 1919இல் காலமானார். ஒரு ஸ்தாயியில் சுருதி 22 என்று பழைய சங்கீத நூலாசிரியர் சாரங்கதேவரின் வழிவந்தவர்கள் சொல்ல, இல்லை 24 என்று இவர் நிலைநாட்ட முயன்ற வாதம் இன்றைக்கும் முடிந்தபாடில்லை. மட்டக்களப்புப் பகுதியிலிருந்து வந்த விபுலானந்த அடிகள் 1947இல் வெளியான தம் ‘யாழ் நூ’லில் வேறு வழியே சென்றார். அந்த வழக்கில் நியாயம் யார் பக்கம் என்பதைச் சங்கீத விற்பன்னர்களுக்கு விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது, அந்தப் பெருநூலின் பக்கந்தோறும் வந்து குறுக்கிடும் வட்டங்களும் சக்கரங்களுமே.

அவ்வட்டங்களுக்கு மூலம் சிலப்பதிகார உரைகளில் இருக்கிறது. அவ்வுரைகள் ஆயப்பாலை, வட்டப்பாலை, திரிகோணப்பாலை, சதுரப்பாலை என்று, சுரங்களிலிருந்து பண்களைப் பிறப்பிக்கும் நால்வகைப் பாலைகளைச் சொல்கின்றன. அவற்றுள் வட்டப்பாலையின் அமைப்பு இது. ஒரு வட்டத்தைப் பன்னிரண்டு அறைகளாக வகுத்து, அறைக்கு ஒன்றாக இராசிகளின் பெயரை இட வேண்டும். குரல் என்னும் முதற் சுரம் துலாத்தில் நிற்கும். துத்தம் தனுசில், கைக்கிளை கும்பத்தில், உழை மீனத்தில், இளி ரிஷபத்தில், விளரி கடகத்தில், தாரம் சிம்மத்தில். துலாத்தை விட்டு ஏழாவது இராசியை எண்ணினால் ரிஷபம் வருகிறது. அங்கே இளி நிற்கிறது. வீணைக்காரர் இன்று ஸட்ஜ-பஞ்சம பாவம் என்று சொல்லும் உறவு அதுவே. ரிஷபத்தை விட்டு மறுபடியும் ஏழு எண்ணினால் தனுசும் துத்தமும், பின்னும் ஏழு எண்ணினால் கடகமும் விளரியும், பின்னும் ஏழு எண்ணினால் கும்பமும் கைக்கிளையும் வந்து நிற்கின்றன. எந்தச் சுரத்துக்கு எது உறவு என்பதைப் பல சூத்திரங்களால் மனனம் செய்ய வேண்டிய மாணாக்கன், விரலால் அறைகளை எண்ணியே கண்டுகொள்ளலாம்.

இதோடு நின்றிருந்தால் வட்டப்பாலையை ஒரு நல்ல ஞாபகக் குறிப்பு என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். அதன் உண்மையான சாமர்த்தியம் அடுத்த படியில் இருக்கிறது. குரலைக் குரலாகவே வைத்துச் சுற்றிவந்தால் கிடைப்பது செம்பாலை. பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் அதை இன்றைய அரிகாம்போதி ராகமாகக் கொள்வர். இப்போது சுரங்களில் எதையும் அசைக்காமல், துத்தத்தையே குரலாகப் பாவித்து அங்கிருந்து சுற்றினால் படுமலைப்பாலை பிறக்கிறது. கைக்கிளையிலிருந்து செவ்வழி, உழையிலிருந்து அரும்பாலை, இளியிலிருந்து கோடிப்பாலை, விளரியிலிருந்து விளரிப்பாலை, தாரத்திலிருந்து மேற்செம்பாலை என்று, ஒரே படத்தினின்றும் ஏழு பாலைகள் புறப்படுகின்றன. அவ்வாராய்ச்சியாளர் கணக்குப்படி இவற்றுள் அரும்பாலை சங்கராபரணம், கோடிப்பாலை கரகரப்பிரியை, மேற்செம்பாலை கல்யாணி. படத்தில் ஒரு கோடும் மாறவில்லை. பார்ப்பவன் நிற்கும் இடம் ஒன்றே மாறியது. தொடக்கத்தை மாற்றினால் அதே பொருள்கள் வேறோர் அர்த்தம் தருகின்றன என்ற பெரிய உண்மையை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய உருவத்தை நான் அறியேன்.

இளங்கோவடிகளோ இந்தப் படத்தை ஏட்டில்கூட வரையவில்லை, மனிதர்களைக்கொண்டே வரைந்துவிட்டார். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் இடைச்சியான மாதரி ஏழு ஆயர்மகளிரை வட்டமாக நிறுத்தி, அவர்களுக்கு ஏழு சுரங்களின் பெயரையே சூட்டி, குரலாக நின்றவளை மாயவன் என்றும், இளியாக நின்றவளைப் பலதேவன் என்றும், துத்தமாக நின்றவளை நப்பின்னை என்றும் ஆக்கி ஆடச் செய்கிறாள். சங்கீத லக்ஷணமும், புராணமும், வரவிருக்கும் துன்பம் நீங்குவதற்கான பிரார்த்தனையும் ஒரே வட்டத்தில் கைகோத்து நிற்கின்றன.

செய்யுளைத் தேராகவும் நாகமாகவும் முரசாகவும் கட்டிய சித்திரகவிகளும் இந்த வரிசையில் சேரத்தக்கவை. தண்டியலங்காரமும், ஆழ்வார்திருநகரியிலே தோன்றிய மாறனலங்காரமும் அவற்றுக்கு இலக்கணம் வகுத்திருக்கின்றன. ஆனால் அவற்றிற் பெரும்பாலன புலமையைக் காட்டப் பிறந்தவை, சிந்தனைக்குத் துணையாகப் பிறந்தவையல்ல என்பதே என் எண்ணம். ஆகையால் இங்கே அதிகம் நிற்கவில்லை.

மேல்நாட்டிலும் இவ்வித்தை புதிதன்று. மூன்றாம் நூற்றாண்டுத் தத்துவ ஞானி போர்ஃபிரி, பொருள்களின் வகுப்பையும் உட்பிரிவையும் பிரித்துக் காட்டிய முறையைப் பின்வந்தோர் மரமாகவே வரைந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ரமோன் லுல் சாஸ்திரங்கள் அனைத்தையும் மரங்களாக வகுத்து ஒரு நூல் செய்தார். 1972இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவக் என்பவர், சிறுவர்கள் விஞ்ஞானக் கருத்துக்களை எவ்வாறு விளங்கிக்கொள்கிறார்கள் என்று ஆராயும்போது, கருத்துக்களைக் கட்டங்களில் இட்டு, இடையே ஓடும் கோடுகளின்மேல் உறவைச் சொல்லால் எழுதும் முறையை வகுத்தார். 1974இல் லண்டன் பி.பி.சி. தொலைக்காட்சியில் டோனி பூசான் நடத்திய தொடரும், அதையொட்டி வந்த புத்தகமும்தான் மைண்ட் மேப் என்ற பெயரை உலகெங்கும் பரப்பின. நடுவில் ஒரு படம், வளைந்த கிளைகள், கிளைக்கு ஒரே சொல், பல வர்ணங்கள் என்று அவர் விதித்த நியமங்களை இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலும் சிரமேற்கொள்கின்றன. இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த காலத்தில் மைக் ஜெட்டர் என்பவர் எழுதத் தொடங்கிய நிரல், 1990களின் நடுவில் வெளிவந்து, பிறகு மைண்ட்மேனேஜர் என்ற பெயரில் கம்பெனிகளின் மேஜைகளில் இடம்பிடித்தது. ஃப்ரீமைண்ட் போன்ற இலவச மென்பொருள்கள் வந்தபின் மாணவர்களுக்கும் அது எட்டியது.

இனி மறுபடியும் மலையடிவாரத்துக்கு வருவோம். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தோன்றி 2009இல் ஜோஹோ என்று பெயர் மாறிய மென்பொருள் கம்பெனி, 2011இல் தென்காசியில் ஒரு சிறு அலுவலகத்தைத் திறந்தது. பின்னர் அது அருகிலுள்ள மத்தளம்பாறையில் வளர்ந்தது. வாடிக்கையாளரின் குறைகளைக் கவனிக்கும் ஜோஹோ டெஸ்க் என்ற மென்பொருள் இங்கே உருவானது. கம்பெனியை நிறுவியவர்களுள் முதன்மையான ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவை விட்டு மத்தளம்பாறைக்கே வந்து குடியேறினார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சாம்பவர் வடகரையில் பிறந்தவர் தஞ்சைக்குப் போய் ஆராய்ச்சி நடத்தியதும், தஞ்சை ஜில்லாவில் பிறந்தவர் தென்காசிக்கு வந்து தொழில் நடத்துவதும் தற்செயல்தான். ஆயினும் இரசிக்கத்தக்க தற்செயல். அக்கம்பெனி 2025இல் வாணி என்ற பெயரில் வெளியிட்ட மென்பொருள், பலர் பல ஊர்களிலிருந்தபடியே ஒரே வெண்பலகையில் மனவரைபடமும் செயல்முறைப் படமும் வரைந்து ஆலோசிப்பதற்கென்றே அமைந்தது. ஆகவே, இவ்வித்தையின் நவீன அத்தியாயத்திலும் தென்காசிக்குத் தொடர்புள்ள ஒரு பெயர் சேர்ந்துவிட்டது.

இத்தகைய கருவியால் வியாபாரத்துக்கு மெய்யாகவே பிரயோஜனம் உண்டா என்றால், உண்டு. விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. லண்டனில் 50 மருத்துவ மாணவர்களைக்கொண்டு செய்து 2002இல் வெளியான ஒரு பரிசோதனையில், மனவரைபடம் எழுதிப் படித்தவர்கள் ஒரு வாரத்துக்குப் பின்னும் விஷயத்தை அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் அம்முறையில் படிக்க அவர்களுக்கு உற்சாகம் குறைவாகவே இருந்தது. ஞாபகத்துக்கு உதவும் என்பது இதனால் தெரிகிறது. முடிவெடுப்பதற்கு உதவுமா என்பது நடுவில் எதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

குற்றாலத்தில் விடுதி நடத்தும் ஒருவர் ஆனி, ஆடிச் சாரலுக்கு முன்னால் தம் ஏற்பாடுகளை வரைவதாக வைத்துக்கொள்வோம். நடுவில் சீசன் என்று எழுதி, அறை, ஆள், சமையல், தண்ணீர், வாடகை என்று கிளைகளை ஓட்டினால் படம் அழகாகவே இருக்கும். அருவியில் வெள்ளம் பெருகிக் குளிக்கத் தடை விதிக்கப்படும் நாளிலோ, சாரல் பொய்த்து அருவி வற்றும் வருஷத்திலோ, பல கிளைகளுள் ஒன்றாகக் கிடந்த தண்ணீர் நடுவுக்கு வந்துவிடுகிறது. அப்போது வாடகையும் ஆளும் வேறு உறவில் நிற்கின்றன. சுரங்கள் அசையாமல் குரல் மட்டும் பெயர்ந்த கதைதான் இது. ஆனால் நம் மென்பொருள்களிற் பெரும்பாலானவை ஒரு நடுவை நிறுத்திவிட்டால் அதற்கே ஆயுட்காலம் முழுதும் கட்டுப்பட்டுவிடுகின்றன. கிளையைக் கிளையோடு இணைக்கக் கோடு கொடுக்கும். கிளையே நடுவாக மாறி முழுப்படமும் அதைச் சுற்றித் தானே புதிதாக அமைவது அபூர்வம். பூசான் வகுத்த மரத்தைவிட நோவக்கின் வலையை நான் மேலாக மதிப்பதும், அவ்விரண்டையும்விட வட்டப்பாலையை மேலாக மதிப்பதும் இந்தக் காரணத்தாலேயே.

திரையில் கிளைகளை வரையும் கருவியை வெளியிட்ட கம்பெனியின் இளைஞர்கள் இன்று தென்காசிச் சீமையிலும் வேலை பார்க்கிறார்கள். பூசானைப் படித்த அவர்கள் ஆபிரகாம் பண்டிதரையும் படிக்க வேண்டும். கருணாமிர்த சாகரத்தின் வட்டப்பாலைப் பகுதியை ஒருமுறை கையால் வரைந்து பார்த்து, நடு இடம் பெயரக்கூடிய ஒரு வரைபடத்தை நமக்குச் செய்து தர வேண்டும் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.