சிரட்டைப் பாலும் லைபீரியாவும்

யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பத்து வயதிலேயே கத்தி பிடித்தவர் என் அப்பாயி. விடியுமுன் மலை ஏறிவிடுவார். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். பட்டையைச் சரிவாகச் சீவி, சிரட்டையைச் சரிசெய்து, அடுத்த மரத்துக்குப் போவார். பிறகு அதே வழியில் வாளியோடு வந்து பால் எடுப்பார். மழை பெய்தால் பட்டை நனைந்துவிடும். அன்று வெட்டு இல்லை, பேரும் விழாது, அதாவது நாள் கூலி கிடையாது. "மழ பெஞ்சா மரத்துக்கு லீவு, நமக்குப் பட்டினி" என்பார்.

எங்களைப் போலவே இந்த மரமும் கடல் கடந்து வந்ததுதான். பிரேசில் விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876இல் கன்றாக இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்தது. இலைநோயில் கோப்பி அழிந்தது. பிறகு மோட்டார் வண்டி வந்தது, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. 1910இல் ஒரு இறாத்தல் ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. கேகாலை, இரத்தினபுரிச் சரிவுகளில் காடு வெட்டி ரப்பர் நட்டார்கள். கங்காணிமார் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கட்டி வந்தார்கள்.

முதல் உலகப் போருக்குப் பின் விலை ஒரு ஷில்லிங்குக்கும் கீழே விழுந்தது. லண்டன் கண்ட வழி, ஸ்டீவன்சன் திட்டம். 1922 நவம்பர் முதல் இலங்கையும் மலாயாவும் தம் வழக்கமான உற்பத்தியில் 60 வீதத்தையே தடையின்றி ஏற்றுமதி செய்யலாம் என்றானது. 1925இல் விலை 4 ஷில்லிங்கைத் தாண்டியது. துரைமார் சிரித்தார்கள். அமெரிக்க டயர் முதலாளி ஹார்வி ஃபயர்ஸ்டோனோ, சொந்தமாக மரம் நட நிலம் தேடினார்.

கிடைத்தது மேற்கு ஆபிரிக்காவின் லைபீரியா. அமெரிக்காவிலிருந்து போய்க் குடியேறிய கறுப்பின மக்கள் 1847இல் அமைத்த குடியரசு அது. அப்போது கடனில் தவித்தது. 1926 ஒப்பந்தப்படி 10 இலட்சம் ஏக்கர் வரை, 99 ஆண்டுக்கு, ஏக்கருக்கு ஆண்டுக்கு 6 அமெரிக்க சதம் குத்தகை. தோட்ட நகரத்துக்கு ஹார்வி, அவர் மனைவி ஐடபெல் இருவர் பெயரையும் ஒட்டி 'ஹார்பெல்' என்று பெயரிட்டார்கள்.

1928இல் கட்டுப்பாடு நீங்கியது, விலை மறுபடி சரிந்தது. 1929இல் இலங்கையில் சட்டம் நிர்ணயித்த கூலி, தாழ்நாட்டுத் தோட்டப் பெண்ணுக்கு நாளுக்கு 40 சதம். அடுத்து வந்த மந்தத்தில் ரப்பர் தோட்டச் சனம் ஏராளமாக இந்தியாவுக்குத் திரும்பியது. அப்பாயியின் அண்ணன் குடும்பமும் அப்படிப் போனதுதான். விலையைக் காக்க லண்டன் போட்ட கணக்கு, ஆபிரிக்காவில் இன்னொரு தோட்டத்தை முளைக்க வைத்ததோடு முடிந்தது.

கல்லூரியில் படித்த காலத்தில் இதையெல்லாம் அப்பாயியிடம் சொன்னேன். லைபீரியாவில் பால்வெட்டுகிறவர்கள் தோளில் கம்பு வைத்து, இரு முனையிலும் வாளி தொங்கவிட்டுச் சுமப்பார்கள் என்றேன். ஏக்கர் கணக்கையோ ஃபயர்ஸ்டோனையோ அவர் கேட்கவில்லை.

"அங்கயும் மழ பெய்யுமா?"

"நல்லாவே பெய்யும் அப்பாயி."

வெற்றிலையை மடித்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"பாவம், பேர் விழாதே."