குந்திப்புழையைக் காத்த ஆசிரியர்கள்

ஆறுகளை வாழ்த்திப் பாடாத இலக்கியம் நம் நாட்டில் இல்லை. ஆயினும், அந்த ஆறுகளுக்கு நீர் தரும் காட்டையும் அதில் வாழும் உயிர்களையும் பெயர் சொல்லி அறிந்தோர் மிகச் சிலரே. அச்சிலரின் அறிவு பலரின் அறிவாக மாறியதால் ஓர் ஆறு காப்பாற்றப்பட்ட வரலாறு நம் அண்டை மாநிலமான கேரளத்தில் உண்டு.

சைலண்ட் வேலி என்று வழங்கும் அமைதிப் பள்ளத்தாக்கு நீலகிரிக்குத் தென்மேற்கே பாலக்காடு மாவட்டத்தில் உள்ளது. பாண்டவரின் தாயின் பெயர் தாங்கிய குந்திப்புழை அதனூடே பாய்ந்து, தூதப்புழை வழியாகப் பாரதப்புழையைச் சேர்கிறது. அதன் குறுக்கே அணை கட்டி 120 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டத்திற்குத் திட்டக் குழு 1973இல் இசைவளித்தது. நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்த பரப்பு ஏறத்தாழ 830 எக்டேர். வெடிப்பலா மரங்களும் அவற்றை நம்பி வாழும் சிங்கவால் குரங்குகளும் நிறைந்த மழைக்காடு அது.

அணையை எதிர்ப்பது எளிதாக இருக்கவில்லை. மின்பற்றாக்குறையால் வருந்திய மலபார் மக்களுக்கு அத்திட்டம் வேலையும் ஒளியும் தருவதாகத் தோன்றியது. அவர்களுடைய தேவை பொய்யன்று. எனவே காட்டின் அழகை மட்டும் சொல்லி அவர்களை இணங்கச் செய்ய முடியாது.

இந்நிலையில்தான் ஆசிரியர்கள் முன்வந்தனர். பையன்னூர்க் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த ஜான் சி. ஜேக்கப், மாணவர்களை இயற்கை முகாம்களுக்கு அழைத்துச் சென்று காட்டையே பாடநூலாக்கினார். தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத், 1962இல் அறிவியல் எழுத்தாளர்களால் தொடங்கப்பட்ட கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் வழியே மழைக்காட்டின் அருமையை எடுத்துரைத்தார். அணை வேண்டும் என்போர் பரிஷத்துக்குள்ளேயே இருந்தனர். விவாதம் நடந்தது. 1979இல் உயிரியல், பொறியியல், பொருளியல் அறிந்தோர் ஒன்றுகூடி அத்திட்டத்தை ஆராய்ந்து நூலாக வெளியிட்டனர். காட்டை அழிக்காமலே மலபாரின் மின்தேவையை நிறைவு செய்ய மாற்று வழிகள் உண்டென்று அந்நூல் வாதிட்டது.

இலக்கியத்தாரும் ஒதுங்கி நிற்கவில்லை. கவிஞர்கள் சுகதகுமாரி, ஓ.என்.வி. குறுப்பு, வைலோப்பிள்ளி முதலியோர் கவிதையோடு மக்கள் மன்றத்திற்கு வந்தனர். ஆசிரியர் தந்த அறிவுக்குக் கவிஞர் உணர்வு ஊட்டினர். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15 அன்று பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

ஆயினும் வரலாறு அத்துடன் முடியவில்லை. மலையில் குந்திப்புழை தடையின்றி ஓட, சமவெளியில் பாரதப்புழை மணற்கொள்ளையால் நலிந்தது. சட்டம் ஓர் எல்லைக்குள் நின்றுவிடுகிறது, ஆறு நிற்பதில்லை. ஆகவே ஆற்றைப் பற்றிய கல்வி மலையுச்சி முதல் கழிமுகம் வரை, தலைமுறைதோறும் தொடர வேண்டியதாகிறது.

பத்தாண்டுகளாகச் சொல்லை வளர்த்துவரும் நம் வட்டத்திற்கு இவ்வரலாற்றில் ஒரு பணி காத்திருக்கிறது. நம் ஊர் ஆற்றங்கரையின் மரங்களையும் பறவைகளையும் மீன்களையும் நம் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லிக் காட்டுவோம். பெயர் அறியாத ஒன்றை இழந்தால், இழந்தோம் என்பதையும் அறிய மாட்டோம்.